போயஸ் தோட்டத்து விலையும் மூக்கண்டப்பள்ளி வாடகையும்

கடற்கரைப் பட்டணமான சென்னையில் எந்தத் தெருவில் மனை விலை அதிகம் என்ற கேள்வி ஓசூர்த் தொழிலாளிக்கு எதற்கு? ஷிப்டு முடிந்து, கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கி, பத்துக்குப் பத்து அறைக்குத் திரும்புகிறவனுக்குப் போட் கிளப் சாலை எந்தத் திசையில் இருக்கிறது என்பதே தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்துதான் என்ன செய்யப் போகிறான்? வாங்கப் போகிறானா?

வாங்கப் போவதில்லை. ஆனாலும் அந்தக் கணக்கை அவன் தெரிந்துகொண்டே தீரவேண்டும் என்கிறோம் நாம். அங்கே மனை விலையை ஏற்றிவிட்ட அதே சக்திதான் இங்கே மூக்கண்டப்பள்ளியிலும் சின்ன எலசகிரியிலும் அவனுடைய வாடகையை மாதாமாதம் நெம்பித் தூக்குகிறது. அங்கே நடந்து முடிந்த கதை இங்கே இப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது. முடிந்த கதையைப் படித்தால் நடக்கிற கதை எங்கே போகும் என்று தெரியும்.

சென்னையில் விலை மிகுந்த தெருக்கள் என்று நிலத் தரகர்கள் விரல்விட்டு எண்ணும்போது போட் கிளப் சாலை வரும், போயஸ் தோட்டம் வரும், பெசன்ட் நகரில் கடலைப் பார்த்து நிற்கும் வரிசைகள் வரும். இந்தத் தெருக்களில் ஒரு வீடு உண்மையில் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. தனவான்கள் பத்திரத்தில் எழுதுவது ஒரு தொகை. மேசைக்கடியில் எண்ணிக்கொள்வது இன்னொரு தொகை. ஆனால் சர்க்காரே கணக்குப் போட்டு, நீதிமன்றத்தில் பணத்தைக் கட்டிய வீடு ஒன்று உண்டு. முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதா வாழ்ந்த வேதா நிலையம்தான் அது.

அந்த வீட்டை 1967-ல் அவருடைய தாயார் 1 லட்சத்து 32 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினார். 2020 ஜூலையில், அதை நினைவில்லமாக்குவதற்காக அன்றைய சர்க்கார் நீதிமன்றத்தில் கட்டிய இழப்பீடு 67 கோடியே 90 லட்சம் ரூபாய். (2021 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தக் கையகப்படுத்தலை ரத்து செய்தது, வீடு வாரிசுகளிடம் போனது. அது வேறு விவகாரம்.) மறைந்தவரை விமர்சிக்க இந்த வீட்டை நாம் இழுக்கவில்லை. தராசில் வைக்க ஒரு படிக்கல் வேண்டும். சர்க்கார் முத்திரை குத்திய படிக்கல் இதுதான் கிடைத்தது.

கணக்கைப் பார்ப்போம். 53 ஆண்டுகளில் ஏறத்தாழ ஐயாயிரத்து நூறு மடங்கு! அதே காலத்தில் தங்கம் எவ்வளவு ஏறியது? 1967-ல் பத்துக் கிராம் நூறு ரூபாய்ச் சொச்சத்துக்கு விற்றது. 2020-ல் ஐம்பதாயிரத்தைத் தொட்டது. ஏறக்குறைய ஐந்நூறு மடங்கு. பெண்ணைக் கட்டிக்கொடுக்க ஒரு சவரன் வாங்க முடியவில்லையே என்று நம் வீட்டுத் தாய்மார்கள் தங்க விலையைச் சபிக்கிறார்கள். அந்தத் தங்கத்தையே பத்து மடங்கு பின்னால் தள்ளிவிட்டு ஓடியிருக்கிறது அந்தத் தெருவின் மண்!

பத்துக் கிரவுண்டு, அதாவது ஏறத்தாழ 24,000 சதுர அடி. கட்டடத்தையும் மரங்களையும் சேர்த்தே வைத்துக்கொள்வோம். சதுர அடிக்கு ஏறக்குறைய 28,000 ரூபாய். ஒரு மனிதன் கைகாலை நீட்டிப் படுக்க ஆறடிக்கு மூன்றடி வேண்டும். அந்தப் பதினெட்டுச் சதுர அடிக்கு அங்கே விலை ஐந்து லட்சம் ரூபாய்!

ஏற்றியவன் யார்?

இந்த ஐயாயிரம் மடங்கை யார் உண்டாக்கினார்கள்? மனைக்குச் சொந்தக்காரர் மண்ணுக்கு எரு போட்டாரா? தண்ணீர் பாய்ச்சினாரா? அவர் தூங்கினாலும் விலை ஏறியது, வெளியூர் போனாலும் ஏறியது.

தெருவுக்குள் குழாயில் தண்ணீர் வந்தது. பாதாளச் சாக்கடை வந்தது. விளக்கு வந்தது. பக்கத்திலேயே 1973-ல் ஜெமினி மேம்பாலம் எழுந்தது. கப்பி உடைத்தவன், கம்பி கட்டியவன், சாக்கடைக் குழிக்குள் இறங்கி உயிரைவிட்டவன் எல்லோருடைய வியர்வையும், தீப்பெட்டி வாங்கும்போதும் வரி கட்டுகிற ஏழையின் காசும் சேர்ந்துதான் அந்தத் தெருவைத் தெருவாக்கின. பெசன்ட் நகரை எடுத்துக்கொள்ளுங்கள். அது தனியார் கண்டுபிடித்த சொர்க்கம் அல்ல. எழுபதுகளில் தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் மனை பிரித்து, சாலை போட்டு, சம்பளக்காரர்களுக்குக் கொடுத்த குடியிருப்பு. ஊர்ப் பணத்தில் பயிர் வளர்ந்தது. அறுவடை தனித்தனிக் களஞ்சியத்துக்குப் போயிற்று.

போட் கிளப் சாலை இன்னும் சுவையான பாடம். 1867-ல் வெள்ளைக்காரர்கள் படகு வலித்துப் பொழுதுபோக்க ஆரம்பித்த கிளப்பின் பெயர் அது. கிளப் இருப்பது அடையாற்றங்கரையில். அதே ஆற்றங்கரையில் குடிசை போட்டுத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களும் இருந்தார்கள். அந்தத் தெருக்களின் வீட்டு வேலைக்கும் தோட்ட வேலைக்கும் நடந்துபோனவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சர்க்கார் என்ன சொன்னது? ஆற்றோரம் ஆபத்து, ஆகவே அப்புறப்படுங்கள் என்றது. பெரும்பாக்கத்து எட்டுமாடிக் கட்டடங்களுக்குக் குடும்பம் குடும்பமாக ஏற்றிப் போனார்கள். வேலை ஒரு மூலையில், வீடு இன்னொரு மூலையில். நடுவே பஸ்ஸுக்குக் காத்திருப்பு, பாதியில் படிப்பைவிட்ட பிள்ளைகள். கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்ற இரண்டு இடங்களிலும் ஆயிரக்கணக்கான வீடுகள் இப்படி எழுந்தன. ஆறு ஒன்றுதான். வெள்ளமும் ஒன்றுதான். ஆனால் ஒருவருக்கு ஆற்றங்கரை 'அழகிய சூழல்', இன்னொருவருக்கு 'ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு'!

ஏங்கெல்ஸ் 1872-ல் லைப்சிக் நகரத்துப் பத்திரிகையில் வீட்டுப் பிரச்னை பற்றித் தொடராக எழுதினார். பெருநகரம் வளர வளர அதன் நடுப்பகுதி மண்ணின் விலை தாறுமாறாக ஏறும், அங்கிருக்கும் தொழிலாளி வீடுகள் அந்த விலைக்குப் பொருந்தாதவை ஆகிவிடும், ஆகவே இடிக்கப்படும், தொழிலாளி ஊர் ஓரத்துக்குத் தள்ளப்படுவான் என்று விளக்கினார். அடையாற்றைக் காணாமலேயே அவர் எழுதிவைத்த வரலாறு அது.

ஓசூருக்குக் கடல் இல்லை

இனி நம் ஊருக்கு வருவோம். ஓசூரில் கடல் இல்லை. ராமநாயக்கன் ஏரி இருக்கிறது, சந்திரசூடேஸ்வரர் மலை இருக்கிறது, 'குட்டி இங்கிலாந்து' என்று வெள்ளைக்காரன் புகழ்ந்த குளிர் இருக்கிறது. ஆனால் அங்கே கடல் செய்கிற வேலையை இங்கே எல்லைக்கோடு செய்கிறது. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அதைத் தாண்டினால் பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி. பெங்களூரில் சம்பளம் வாங்கி, அங்கே வாடகை கட்டுப்படியாகாமல் இங்கே வீடு தேடுகிறவர் வருகிறார். அவர்மேல் நமக்கு விரோதம் இல்லை, அவரும் துரத்தப்பட்டவர்தான். ஆனால் அவர் கொடுக்கக்கூடிய வாடகைதான் தளி சாலையிலும் பாகலூர் சாலையிலும் விலைச்சீட்டு ஆகிறது. சம்பளத்தை நிர்ணயிப்பது ஓசூர். வாடகையை நிர்ணயிப்பது பெங்களூர்! இந்த இரண்டு சக்கரங்களுக்கு நடுவே அகப்பட்டவன்தான் எல்லைத் தொழிலாளி.

ஓசூர் மண்ணை உயர்த்தியவர்கள் யார்? 1971-ல் சிப்காட் பிறந்தது. அது அமைத்த முதல் தொழில் வளாகங்களில் ஒன்று ஓசூர். ராகியும் கொள்ளும் விளைந்த மேட்டு நிலத்தில் எண்பதுகளில் லாரி செய்தார்கள், மொபெட் செய்தார்கள், கைக்கடிகாரம் செய்தார்கள். டைட்டன் கடிகாரக் கம்பெனியே டாட்டாவும் நம் மாநிலத்து டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கியதுதான். அதாவது பொதுப்பணமும் அதில் உண்டு. சேலத்திலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் வந்த இளைஞர்கள் ஐ.டி.ஐ. சான்றிதழோடு இந்த மண்ணில் இறங்கினார்கள். பிறகு ஒரிசாக்காரன் வந்தான், பீகாரி வந்தான், ஜார்க்கண்டிலிருந்து பெண்பிள்ளைகள் வந்தார்கள். தாலுகா ஊர் நகரசபையாகி, 2019 பிப்ரவரியில் மாநகராட்சியும் ஆயிற்று. இத்தனை பேர் உழைப்பும் சேர்ந்துதான் ஓசூர் மண்ணுக்கு விலை.

இந்த விலையேற்றம் எவ்வளவு லேசில் நடக்கிறது என்பதற்கு விமான நிலையம் ஓர் உதாரணம். 2024 ஜூன் 27-ந் தேதி சட்டசபையில் அறிவித்தார்கள்: ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம், ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகள் என்று. பெங்களூர் விமான நிலையத்துக்கு 150 கிலோமீட்டர் சுற்றளவில் 2033 வரை வேறு நிலையம் கூடாது என்று ஓர் ஒப்பந்தம் குறுக்கே நிற்பது வேறு. ஓடுபாதைக்கு ஒரு சட்டி மண்கூட அள்ளவில்லை. ஆனால் அறிவிப்பு காற்றில் பறந்த மாத்திரத்தில் மனை விலை பறக்க ஆரம்பித்துவிட்டது! நெடுஞ்சாலை ஓரமெல்லாம் கொடி கட்டிய மனைப்பிரிவுகள். விமானம் இறங்கு முன்னே தரகர்கள் இறங்கிவிட்டார்கள்.

மறுபுறம் நிலத்தைக் கொடுக்கிறவன் கதை. 2023-ல் உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளிப் பக்கத்து உழவர்கள் சிப்காட்டுக்கு நிலம் தர மறுத்துப் பனியிலும் வெயிலிலும் உட்கார்ந்தார்கள். சர்க்கார் நிலம் எடுக்கும்போது இழப்பீட்டை எதை வைத்துக் கணக்கிடுகிறது? வழிகாட்டி மதிப்பையும் பத்திரத்தில் பதிவான விலைகளையும் வைத்து. பத்திரத்தில் பாதி விலை எழுதி மறுபாதியைக் கறுப்பில் வாங்கிக்கொண்டவர்கள் யார்? மனை வியாபாரிகள். அவர்கள் மறைத்த பாதி உழவனுடைய இழப்பீட்டுக் கணக்கில் வராமலே போகிறது. வரியைத் தப்பிக்க அவர்கள் போட்ட பொய்க் கையெழுத்து உழவன் வயிற்றில் விழுகிறது. 2017-ல் மாநிலம் முழுக்க வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்துப் பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதமாக்கினார்கள். 2023-ல் பழைய மதிப்பைத் திருப்பிக் கொண்டுவந்து கட்டணத்தை 2 சதவீதமாக்கினார்கள். இதையெல்லாம் பதிவு அலுவலகத்துச் சில்லறை விவகாரம் என்று நம் தோழர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்கக்கூடாது, உழவன் கையில் ஏக்கருக்கு என்ன விழும் என்பது அந்த மதிப்பில்தான் அடங்கியிருக்கிறது.

நமக்குள் ஒரு கசப்பான பேச்சு

இங்கே ஒரு விஷயத்தை மூடி மறைக்காமல் பேசியாக வேண்டும். வெளியாரைத் திட்டுவது சுலபம்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வேலைக்குச் சேர்ந்து நிரந்தரமான தோழர்கள் பலர், ஹட்கோ குடியிருப்பிலோ ஒரு மூலை மனையிலோ அரைக் கிரவுண்டு வாங்கி, பி.எப். கடனில் வீடு கட்டினார்கள். போராடி வாங்கிய சம்பளத்தில் கட்டிய வீடு, வாழ்த்துகிறோம். பிறகு மேலே ஒரு போர்ஷன், பின்னால் நாலு அறை லைன் வீடு. அந்த அறைகளில் குடியிருப்பவன் யார்? அதே தொழிற்சாலையில், அதே மெஷினுக்குப் பக்கத்தில், பாதிச் சம்பளத்துக்கும் குறைவாக வேலை செய்கிற ஒப்பந்தத் தொழிலாளி. காலையில் கேட் கூட்டத்தில் இருவரும் ஒரே கொடியின் கீழ் நிற்கிறார்கள். மாலையில் ஒருவர் வீட்டுக்காரர், ஒருவன் குடித்தனக்காரன். ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஆயிரம் ரூபாய் கூடியது என்ற செய்தி தெருவுக்கு வந்த மறுமாதமே வாடகையில் ஐந்நூறு கூடுகிறது என்றால், அந்தச் சம்பள உயர்வுக்காகக் கோஷம் போட்டவரே அதில் பாதியை வாங்கிப் பெட்டியில் வைக்கிறார்!

முதலாளி இதைக் கண்டு உள்ளுக்குள் சிரிக்கிறான். நிரந்தரம், ஒப்பந்தம், அப்ரண்டிஸ் என்று ஆலைக்குள் அவன் போட்ட கோடு தெருவிலும் தொடர்ந்து வந்துவிட்டது. வாடகை பாக்கிக்குப் பயந்தவன் வேலைநிறுத்தத்துக்கு வருவானா? பேசும் பாஷை புரியாத ஊரில், பெங்களூர்ப் பழக்கத்தைப் பார்த்துக் கேட்கும் முன்பணத்தைக் கடன் வாங்கிக் கட்டியவன் சங்கத்தில் சேருவானா? சங்கம் கட்ட முடியவில்லை, வடநாட்டுத் தொழிலாளி ஒத்துவரமாட்டேன் என்கிறான் என்று கிளைகளிலிருந்து நமக்குக் கடிதம் வருகிறது. அவன் குடியிருக்கும் அறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதுங்கள் என்பதே நமது பதில். ஒரே பாயில் பகல் ஷிப்டுக்காரன் எழுந்ததும் இரவு ஷிப்டுக்காரன் படுக்கிற அறைகள் உண்டு.

வீடு வைத்திருக்கும் தோழர்களை எதிரியாக்கச் சொல்லவில்லை. நாலு அறை வைத்திருப்பவர் நிலப்பிரபு அல்ல. ஓய்வுக்காலத்துக்கு அவருக்கும் வேறு நாதி இல்லை, பென்ஷன் என்ற பேரில் வருவது அவமானமான தொகை. ஆனால் கொடி பிடிக்கும் கை வாடகை ரசீது எழுதும்போதும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது உண்டு.

சட்டத்தில் உள்ள வீடு

1957-ல் டெல்லியில் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலிக்கு ஓர் அளவுகோல் தந்தது. மூன்று நபர் கணக்குக் குடும்பம், ஆளுக்கு 2,700 கலோரி உணவு, ஆண்டுக்கு 72 கஜம் துணி, தொழிலாளர் வீட்டுத் திட்டத்தில் சர்க்கார் வாங்கும் குறைந்த வாடகை, மற்றச் செலவுக்கு 20 சதவீதம். மூத்த தோழர்களுக்கு இது மனப்பாடம். வாடகை விஷயத்தில் மாநாட்டின் நினைப்பு என்ன? 1952-லேயே மத்திய சர்க்கார் தொழிலாளர் வீட்டுத் திட்டம் தொடங்கியிருந்தது. சர்க்கார் வீடு கட்டித் தரும், அந்த வீட்டின் வாடகையைக் கூலியில் சேர்த்தால் போதும் என்பதே அந்த நினைப்பு. வீடு கட்டுவது நின்றுபோயிற்று. வாடகைக் கணக்கு மட்டும் காகிதத்தில் தங்கிவிட்டது!

2020-ல் மத்திய சர்க்கார் ஊதியச் சட்டத்தொகுப்புக்கு வெளியிட்ட வரைவு விதிகளைப் பாருங்கள். வீட்டு வாடகை என்பது உணவுக்கும் துணிக்கும் ஆகும் செலவில் 10 சதவீதமாம்! ஒரு குடும்பம் சாப்பிட, உடுக்கப் பன்னிரண்டாயிரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வாடகைக்கு ஆயிரத்து இருநூறு. ஓசூரில் ஆயிரத்து இருநூறுக்கு மாட்டுக் கொட்டகை கிடைக்குமா? எந்த ஊரில், எந்தத் தெருவில் நடந்து பார்த்து இந்தப் பத்து சதவீதத்தைக் கண்டுபிடித்தார்கள்? அந்தத் தொகுப்பு உட்பட நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துவிட்டன.

தேயிலைத் தோட்டத்து முதலாளி தொழிலாளிக்கு வீடு தரவேண்டும் என்று 1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கான்டீன் கேட்டது, வீடு கேட்கவில்லை. ஊருக்குள் வீடு கிடைத்துவிடும் என்று அன்று நினைத்தார்கள் போலும். வாடகைக்காரனுக்குக் கவசமாக இருந்தது 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்; நியாய வாடகை நிர்ணயிக்கச் சொல்லி அதிகாரியிடம் போகலாம். அதையும் எடுத்துவிட்டு, 2019 பிப்ரவரி முதல் புதுச் சட்டம் வந்தது. வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் ஒப்புக்கொண்டதே வாடகை என்கிறது அது. பசித்தவனும் பந்தி வைப்பவனும் 'ஒப்புக்கொள்வது' எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியாதா? நகர நில உச்சவரம்புச் சட்டம் என்று 1978-ல் ஒன்று இருந்தது. 1999-ல் அதற்கும் மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள்.

சிப்காட் முதலாளிக்கு நிலத்தை எத்தனை ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கிறது? 99 ஆண்டு. அந்த ஆலைக்குள் வேலை செய்கிறவனுக்கு வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கும் சீட்டு? 11 மாதம்!

படுக்கையா, வீடா?

போராடினால் கிடைக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் செல்போன் ஆலைப் பெண்கள் தங்கிய விடுதியில் கெட்டுப்போன உணவால் நூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தோழிகள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். உலகம் முழுக்கச் செய்தி பரவியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை 706 கோடியே 50 லட்சம் ரூபாயில் கட்டித் திறந்தார்கள். நல்ல காரியம், திறந்துவைத்தவர்களைப் பாராட்டுகிறோம். சாலையில் உட்கார்ந்த பெண்களை அதைவிட அதிகமாகப் பாராட்டுகிறோம்.

கணக்கு இதிலும் உண்டு. 706 கோடியை 18,720-ஆல் வகுத்தால் ஒரு படுக்கைக்கு ஏறத்தாழ 3 லட்சத்து 77 ஆயிரம். போயஸ் தோட்டத்தில் பதினெட்டுச் சதுர அடி மண் ஐந்து லட்சம் என்று பார்த்தோமே? அந்த ஒரு வீட்டுக்காக நீதிமன்றத்தில் கட்டிய பணத்தில் ஏறக்குறைய 1,800 பெண்களுக்குத் தங்குமிடம் கட்டியிருக்கலாம். ஆகவே 'பணம் எங்கே?' என்று எந்த மந்திரியும் நம்மைக் கேட்கவேண்டாம்.

ஆனால் படுக்கை வேறு, வீடு வேறு. 2025 நவம்பரில் நம் நாகமங்கலம் பக்கத்திலேயே ஒரு பெண்கள் விடுதியின் குளியலறையில் மறைத்துவைத்த கேமரா அகப்பட்டதும், அங்கே தங்கியிருந்த பெண்கள் கொதித்தெழுந்து திரண்டதை மறந்திருக்கமாட்டோம். சுவர் எழுப்பிக் கட்டில் போட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று நினைக்கும் நிர்வாகங்களுக்கு அந்தப் பெண்கள் கொடுத்த சூடு அது. மேலும், விடுதியில் இருபத்திரண்டு வயதுவரை இருக்கலாம். கல்யாணமானால்? பிள்ளை பிறந்தால்? வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போ என்பதுதான் விடுதி சொல்லாமல் சொல்லும் விதி. குடும்பம் நடத்த இடமில்லாத தொழிலாளி நிரந்தரம் கேட்கமாட்டாள், சீனியாரிட்டி கேட்கமாட்டாள். இளரத்தத்தை மட்டும் உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் திருப்பி அனுப்ப இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா?

குடும்ப வீடு கட்ட முடியாதா? சிங்கப்பூர் நம் கொள்கை நாடு அல்ல. அங்கே தொழிற்சங்கத்தின் வாயைக் கட்டிய கதை நமக்குத் தெரியும், நம் ஊர்களிலிருந்து போகும் கூலித் தொழிலாளிக்கு அங்கே கிடைப்பதும் தகரக் கொட்டடிதான். ஆனால் அந்தக் கடற்கரை நகரம் 1960-ல் வீட்டு வாரியம் அமைத்து, 1966-ல் நிலம் எடுக்கும் சட்டம் போட்டு, ஊர் வளர்ச்சியால் ஏறிய விலையை நிலக்காரரின் பைக்கு விடாமல் பிடித்து வீடு கட்டியது. இன்று அந்நாட்டு மக்களில் ஐந்தில் ஏறக்குறைய நான்கு பேர் அந்த வாரிய வீடுகளில் குடியிருக்கிறார்கள். முதலாளித்துவ நாடே செய்த காரியத்தை நாம் கேட்டால் கற்பனை என்கிறார்கள்!

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சென்னையிலேயே இடம் இருக்கிறது. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள். அந்தத் தொழிலாளர்களைக் கொண்டுதான் 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாறு அதைக் கொண்டாடுகிறது. திரு.வி.க. நடந்த மண். 1996-ல் ஆலையை மூடினார்கள். நெசவாளி சம்பளம் கேட்டபோது நஷ்டம் என்று கணக்குக் காட்டிய இடத்தில் இன்று வானத்தைத் தொடும் அடுக்குமாடிகள் எழுந்திருக்கின்றன. ஆலை நஷ்டம், ஆலை நின்ற மண் லாபம்! ஓசூரில் முதல் தலைமுறை ஆலைகள் நிற்கும் நிலமும் ஒருநாள் ஆலையைவிட விலை கூடிவிடும். அன்று சங்கம் என்ன சொல்லும் என்பதை இன்றே யோசித்து வைப்பது நல்லது.

ஆகவே நமது கோரிக்கைகள் சம்பளத்தோடு நிற்க முடியாது. சிப்காட் எடுக்கும் ஒவ்வொரு ஆயிரம் ஏக்கரிலும் தொழிலாளர் குடும்ப வீடுகளுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கிவிட்டுத்தான் மிச்சத்தைப் பிரிக்கவேண்டும்; அதைப் பிறகு பார்க்கலாம் என்றால் பிறகு மண் இருக்காது. விமான நிலையம், மெட்ரோ என்ற அறிவிப்புகளால் ஏறும் மனை விலையில், உழைக்காமல் வந்த பகுதிக்கு வரி போட்டு ஓசூர் மாநகராட்சி வீடு கட்டவேண்டும். நியாய வாடகைக்கு ஒரு மன்றம் திரும்பவும் வேண்டும். வீட்டுப் பிரச்னையை மட்டும் தனியே பிய்த்துத் தீர்த்துவிட முடியாது என்று ஏங்கெல்ஸ் எச்சரித்ததை நாம் மறக்கவில்லை. ஆனாலும் இன்று இரவு படுக்க இடம் தேடுகிறவனிடம் புரட்சி வரும்வரை நில் என்று சொல்ல நமக்கு வாய் வராது.

இதில் கிளைகள் உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அடுத்த ஒப்பந்தப் பேச்சுக்குப் போகும்போது நிர்வாகத்தின் முன்னால் வாடகைக் கணக்கை வைக்கவேண்டும். பத்து சதவீதக் கதையை உடைக்க வேறு ஆயுதம் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். எந்தத் தெரு, எத்தனை சதுர அடி, எத்தனை பேர் தங்குகிறார்கள், முன்பணம் எவ்வளவு, மூன்று வருஷத்துக்கு முன் என்ன வாடகை, இப்போது என்ன வாடகை, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாக எழுதி வாருங்கள். இந்தி பேசத் தெரிந்த ஒரு தோழரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரத் தோழர்களும் தங்கள் கணக்கைத் தாங்களே எழுதிக் கொடுக்கட்டும். முதல் பக்கம் மூக்கண்டப்பள்ளியிலிருந்து தொடங்கட்டும்.